கிண்டாமல் விட்ட வற்றாளங்கிழங்கு

பானையின் மூடியைத் திறந்ததும் அடுக்களை முழுவதும் ஒரு கசப்பு நெடி பரவியது. வற்றாளங்கிழங்கில் (சர்க்கரைவள்ளி என்றும் சொல்வார்கள்) வண்டு துளைத்த பகுதிகளை ஆழமாகச் சீவி எறிந்துவிட்டு, வெள்ளையாகத் தெரிந்த பகுதிகளை மாத்திரமே அவித்திருந்தேன். ஆயினும் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. அடுப்படியில் நின்ற அம்மா, "கிண்டுற நேரத்தில கிண்டாம, மறுகா வண்டு திண்ட மிச்சத்தையா மனெ அவிக்கிறாய்?" என்று கேட்டார். 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில் நடந்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், விளைந்த கிழங்கைக் கிண்டி எடுக்காமல் மண்ணுக்குள் விட்டுவைப்பது சேமிப்பு அன்று என்பது எனக்கு விளங்கியது.

அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இலங்கையில் இருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, கடையில் நாளுக்கொரு விலை என்றிருந்த ஜூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டது. அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருக்கும் எனக்கும் அது கிடைத்தது. எங்கள் வீடு மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில், எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் அந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் இருக்கிறது. வீட்டின் பின்புறம் பத்துப் பேர்ச்சஸ் வெறும் மணலாகக் கிடந்தது. வாவியின் மறுகரையான படுவான்கரை வயற்காரரின் களிமண்ணோடு ஒப்பிட்டால் எங்கள் மண் ஏழை மண்தான். ஆனால் தண்ணீர் தேங்காத, விரல் நுழையக்கூடிய இந்த மணல் கிழங்குக்கு ஏற்றது.

முதலில் நான் நட்டது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உருளைக்கிழங்கு. கடையில் வாங்கி முளைவிட்டிருந்த நான்கைந்து கிழங்குகளை உரப்பைகளில் மண்ணும் மாட்டெருவும் நிரப்பி நட்டேன். செடி என்னவோ கொழுகொழுவென்று எழும்பியது. இலை வாடி விழுந்த பின்னர் பையைக் கொட்டிப் பார்த்தபோது கோலிக்குண்டு அளவிலான சிலவும், அழுகிக் குழைந்த சிலவுமே கிடந்தன. உருளைக்கிழங்கு தண்டின் நுனி பருத்து உண்டாவது. அது பருக்க 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி வேண்டும். 30 பாகையை நெருங்கும் மண்ணில் செடி இலையைத்தான் வளர்க்குமேயொழியக் கிழங்கை வளர்க்காது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அது விளைவதும், யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாதக் குளிரைப் பார்த்து அதை நடுவதும் இதனால்தான். இன்னும் சில கிழமைகள் விட்டால் பெருக்கும் என்று நான் காத்திருந்தது வீண். சூடான ஈர மண்ணில் காத்திருந்த ஒவ்வொரு நாளும் அவை அழுகுவதற்கே உதவியது.

அந்த உருளைக்கிழங்கு முயற்சியால் எனக்குக் கிடைத்த நட்டம் நான்கைந்து கிழங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்காக நான் பார்த்த காணொளிகள்தான் அடுத்த நட்டத்துக்கு வழிவகுத்தன. அவை பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டக்காரருடையவை. செடி காய்ந்த பின்னரும் இரண்டு மூன்று கிழமைகள் உருளைக்கிழங்கை மண்ணிலேயே விட்டால் தோல் முற்றி, நெடுநாள் கெடாமல் இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய நாட்டில், அவர்களுடைய கிழங்குக்கு அது சரியான பேச்சு. கோடை முடிந்ததும் அங்கே மண் குளிரத் தொடங்கும். எங்கள் மணலோ ஆவணி மாதத்து நண்பகலில் வெறுங்காலை வைக்கவிடாது. அந்தக் கணக்கை இந்த மண்ணுக்கும், அதுவும் வேறொரு கிழங்குக்கும் போட்டதே என் பிழை.

வற்றாளைக் கொடியை உறவினர் ஒருவரின் வளவிலிருந்து வெட்டி வந்து, ஜூன் நடுப்பகுதியில் மூன்று வரம்புகளில் ஏறத்தாழ அறுபது துண்டுகள் நட்டேன். துண்டு ஒரு அடி நீளம், துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி. (வற்றாளை என்று எழுதுகிறோம், வாயில் வருவது வத்தாளங்கிழங்குதான்.) முதல் இரண்டு கிழமைகள் காலையும் மாலையும் பூவாளியால் நீர் ஊற்றியதைத் தவிரப் பெரிய பாடு எதுவும் படவில்லை. ஒக்டோபர் முதற் கிழமையில், நட்டு மூன்றரை மாதத்தில், ஒரு வரம்பின் ஓரத்தில் பத்துக் கொடிகளைக் கிண்டினேன். ஆறு கிலோ கிடைத்தது, தோல் பளபளவென்றிருந்தது. தேங்காய்ப்பூவோடும் சீனியோடும் சாப்பிட்ட அந்தக் காலையில், மீதி ஐம்பது கொடிகளையும் அப்படியே விட்டுவிட முடிவு செய்தேன்.

முடிவுக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. இன்னும் பெருக்கட்டும் என்பது ஒன்று. வீட்டில் வைக்க இடமில்லை, மண்ணே களஞ்சியமாக இருக்கட்டும் என்பது இன்னொன்று. விலை மேலும் ஏறினால் கைக்கு உதவும் என்பது மூன்றாவது. உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை விடுமுறை நெடுநாள் நீடிக்கவில்லை, எனக்கு மண்வெட்டி எடுக்கச் சோம்பலாக இருந்தது.

ஒக்டோபர் நடுப்பகுதியில் மாரி மழை தொடங்கியது. கார்த்திகைக் கடைசியில், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீதியைக் கிண்டினேன். மொத்தமாக 28 கிலோ இருந்தது. வாய்க்குதவும் என்று பிரித்தெடுக்க முடிந்தது 9 கிலோ. கிழங்கு மூன்று விதமாகக் கெட்டிருந்தது. எது எந்த விதம் என்று அறிந்தால்தான் எதைக் காப்பாற்றலாம், எதை எறிய வேண்டும் என்பது தெரியும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது வண்டு. வரம்பில் ஊர்ந்தவற்றைப் பல நாள் கண்டும் கட்டெறும்பு என்று எண்ணி விட்டிருந்தேன். விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் ஒரு போத்தலில் பிடித்துக் காட்டியபோதுதான் அது வற்றாளை மூக்கு வண்டு என்று தெரிந்தது. உருவம் எறும்பைப் போன்றது. தலையும் முதுகும் கருநீலம், நடுப்பகுதியும் கால்களும் செந்நிறம், முகத்தில் ஒரு நீண்ட மூக்கு. இந்த வண்டால் மண்ணைத் தோண்டிக்கொண்டு ஆழத்துக்குப் போக முடியாது என்பதுதான் நமக்கு வாய்த்த ஒரே நல்வாய்ப்பு. கொடியின் அடித்தண்டிலோ, மண்ணுக்கு வெளியே தலைகாட்டும் கிழங்கிலோ, வெடிப்பு வழியாக எட்டக்கூடிய கிழங்கிலோதான் அது முட்டையிடும். களிமண் வெயிலில் வெடிக்கும். எங்கள் மணல் வெடிக்காது என்பதால் எனக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. ஆனால் ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்று வரம்பின் தலையிலிருந்து மணலை வாரிக்கொண்டு போயிருந்ததையும், நானே ஊற்றிய தண்ணீர் மிச்சத்தைக் கரைத்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை. கிழங்கு பெருக்கப் பெருக்க அதன் தோள் வெளியே வந்துவிட்டது. பெருக்கட்டும் என்று விட்டதே வண்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

முட்டையிலிருந்து புதிய வண்டு வெளிவர, எங்கள் சூட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒக்டோபர் முதற் கிழமையில் ஓரத்தில் கிண்டிய பத்துக் கொடிகள் சுத்தமாக இருந்தன என்றால், அதன் பின்னர் நான் விட்டுவைத்த ஏழெட்டுக் கிழமைகளில் ஒரு தலைமுறை முழுதாக வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கு முட்டையும் இட்டிருக்கிறது. காலில்லாத வெள்ளைப் புழு உள்ளே குடைந்துகொண்டு போகும்போது, கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஐப்போமியமரோன் என்ற கசப்புப் பொருளை உண்டாக்குகிறது. அந்தக் கசப்பு குடைந்த வழியோடு நிற்காமல் சுற்றிலும் பரவும், அவித்தாலும் போகாது. அன்று என் பானையிலிருந்து எழும்பிய நெடி அதுதான். துளையைச் சீவினால் போதும் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இப்போது நான் செய்வது இது: ஒரே ஒரு ஓரத்தில் மேலோட்டமான கடி இருந்தால் அந்தப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மறுபாதியில் ஒரு சிறு துண்டைத் தனியாக அவித்து முகர்ந்து பார்ப்பேன். நெடியோ கசப்போ துளியும் இருந்தால் முழுவதும் குப்பைக்குப் போகும்.

இரண்டாவது நீர் அழுகல். மேட்டு வரம்பில் இருந்தவை தப்பிவிட்டன. வேலியோரத்துத் தாழ்ந்த வரம்பில் மூன்று நான்கு நாட்கள் தண்ணீர் நின்றிருந்தது. மண்ணில் காற்று இல்லாமற்போனால் கிழங்கு மூச்சு முட்டிப் புளிக்கத் தொடங்குகிறது. தோல் நன்றாகவே இருக்கும். அமுக்கினால் விரல் உள்ளே போகும். வெட்டினால் கள்ளு மணம் வரும். இதில் காப்பாற்ற எதுவுமில்லை. இன்னமும் இறுக்கமாக இருக்கும் கிழங்கென்றாலும், வெள்ளத்தில் நின்றதாயின் அதை வைத்திருக்க நினைக்காமல் அன்றே, அல்லது மறுநாளே, சமைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வெடிப்பும் முளையும் நாரும். நெடுநாள் காய்ந்திருந்த மண்ணில் திடீரென்று மழை விழுந்தால் முற்றிய கிழங்கு நீரைக் குடித்து நீளவாக்கில் பிளக்கும். சில கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டிருந்தன. உருளைக்கிழங்கைப் பற்றிப் படித்திருந்த நான் இவற்றையும் நச்சு என்று எறியப் போனேன். அது தேவையில்லை. உருளைக்கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சையானாலோ முளைத்தாலோ சொலனின் என்ற நச்சுப் பொருள் கூடுவது உண்மை. வற்றாளை அந்தக் குடும்பமே அன்று. அது நம் கடற்கரை அடம்பன் கொடிக்கும், வள்ளைக் கீரைக்கும் உறவு. முளையை ஒடித்துவிட்டு, பூசணம் இல்லையென்று பார்த்து, ஆறிய வெடிப்பைச் சீவிவிட்டுச் சமைக்கலாம். இனிப்பு மாத்திரம் குறைந்திருக்கும். நார் மிகுந்தவற்றை என் மனைவி அவித்து மசித்து, அரிதட்டில் தேய்த்து நாரை நீக்கி, கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து ரொட்டி தட்டினார். அந்த 9 கிலோவில் பாதி இப்படித்தான் உதவியது.

அடம்பனைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி இருக்கிறது. எங்கள் கடற்கரையில் திரண்டு கிடக்கும் அந்தக் கொடியிலும் இதே வண்டு வாழக்கூடியது. கடற்கரையைச் சுத்தப்படுத்த யாராலும் முடியாது. எனவே கரையோரத்தில் வற்றாளை செய்பவர் வண்டே வராது என்று இருந்துவிட முடியாது. வந்த வண்டுக்குக் கிழங்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

கெட்ட கிழங்கை என்ன செய்வது என்பதில் நான் ஒரு பெரிய ஆபத்தை மயிரிழையில் தவிர்த்தேன். பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, அழுகினதெல்லாத்தையும் மாட்டுக்குத் தாங்கோவன், எறிஞ்சு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். கடகத்தில் அள்ளிக் கொடுக்கவே போனேன். போதனாசிரியர் சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்ததால் நிறுத்தினேன். காயப்பட்ட வற்றாளங்கிழங்கில் பூசணம் பிடித்தால், மாட்டின் நுரையீரலைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டாகிறது. மாடு மூச்சுத் திணறிச் சாகும். பச்சைக் கொடி மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல தீவனம். அதைப் பெரியம்மாவுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்தேன். கிழங்கைக் கொடுக்காததற்கு அவருக்குச் சில நாள் என்னோடு மனத்தாங்கல் இருந்தது.

அழுகலைக் குப்பைக் கிடங்கிலும் போடக்கூடாது. உள்ளிருக்கும் புழு அங்கே வண்டாகி வரம்புக்கே திரும்பும். நான் ஒரு பழைய பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, கிழங்கு மிதக்காதபடி கல் வைத்து அமிழ்த்தி, ஒரு கிழமைக்குப் பின் ஆழக் கிடங்கு வெட்டிக் கொட்டி மூடினேன். நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். மண்ணில் தவறிக் கிடந்த விரற்பருமன் கிழங்குகளையும் வேர்த்தண்டுகளையும் பொறுக்கியெடுக்க இன்னும் இரண்டு மாலைகள் சென்றன. அதைச் செய்யாமல் விட்டால் மற்ற வேலை எதனாலும் பயனில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இதையெல்லாம் படிப்பவர், மரவள்ளியை ஆண்டுக்கணக்கில் மண்ணில் விடுகிறோமே என்று கேட்கக்கூடும். அம்மாவும் அதைத்தான் சொன்னார்: பொறுப்பது மரவள்ளிதான், வற்றாளை பொறுக்காது. மரவள்ளியைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கறுப்புக் கோடு ஓடிவிடும் என்பதால் அதற்கு மண்ணே பாதுகாப்பு. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, வளவில் நின்ற மரவள்ளி அத்தனையையும் கிழங்கோடு பிடுங்கிப் போட்டதென்றும், இரண்டு நாளைக்குள் தின்று முடிக்க வேண்டியிருந்ததால் அயலெல்லாம் அவித்துக் கொடுத்தார்கள் என்றும் அம்மா சொல்வார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஆனால் மரவள்ளியின் பொறுமைக்கும் எல்லை உண்டு. நான் ஒன்றரை ஆண்டு விட்ட ஒரு மரத்தின் கிழங்கை அலவாங்கு போட்டுக் கிளப்ப வேண்டியிருந்தது. நடுவில் விறகு போன்ற நரம்பு. மழைக்குப் புதிதாகத் தளிர்க்கும்போது மரம் கிழங்கிலிருக்கும் மாவைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது. ஆகவே ஓர் ஆண்டைத் தாண்டவிடாமல், மாரிக்கு முன் பிடுங்குவதே நல்லது. அதைத் திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் அவித்து நீரை வடித்துவிட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. இராசவள்ளியின் கதை வேறு: கொடி முற்றாகக் காய்ந்த பின்னர் கிழங்கு சில மாதங்கள் உறங்கும், அந்த உறக்கத்தில் அவசரமின்றிக் கிண்டலாம், அடுத்த மழைக்கு முளைத்துவிட்டால் பழைய கிழங்கு சுருங்கிப்போகும்.

அடுத்த முறை நான் மாற்றியது பெரிய விடயம் எதுவுமன்று. கிண்டுவதைப் பகுதி பகுதியாகத் தள்ளிப்போடாமல், நடுவதைப் பகுதி பகுதியாக்கினேன். 2023 தை மாதக் கடைசியில், பெருமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே, பழைய இடத்தை விட்டு வீட்டின் மறுபக்கத்தில் இருபது துண்டுகள். மூன்று கிழமை கழித்து இருபது. இன்னும் மூன்று கிழமை கழித்து இருபது. கொடியில் வண்டு அடித்தண்டில்தான் முட்டையிடும் என்பதால், கொடியின் நுனியிலிருந்து முதல் ஓர் அடியை மாத்திரம் வெட்டி நட்டேன். நட்டு ஒரு மாதத்தில் ஒரு முறையும், பின்னர் இரண்டு கிழமைக்கொரு முறையும் வரம்புக்கு மண் அணைத்தேன். கிழங்கின் தோள் கண்ணுக்குத் தெரிந்தால் அன்று மாலையே மூடினேன். நீர் ஊற்றுவதை வரம்பின் தலையில் செய்யாமல் சாலில் விட்டேன்.

நாட்காட்டியில் 110ஆம் நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்து, அதை ஒட்டிய நாட்களில் ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பார்த்தேன். வெட்டு முகம் வெள்ளையாகவே காய்ந்தால் விளைந்தது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் ஒரு கிழமை. விளைந்ததென்று கண்டதும், கொடியை அறுத்து நான்கு நாள் தோல் முற்றவிட்டு, காயப்படாமல் ஒரே நாளில் முழுப் பகுதியையும் கிண்டினேன். குளிர்நாட்டார் சொன்ன தோல் முற்றும் காலம் எங்களுக்கு இந்த நான்கு நாள்தான்.

இருபது கொடியின் கிழங்கை வைப்பதற்கு வீட்டில் இடமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய்க் காரணம். கழுவாமல், மணலைக் கையால் தட்டிவிட்டு, பின் விறாந்தையில் சாக்கின் மேல் பரப்பி, ஈரச் சாக்கால் மூடி ஆறு நாள் வைத்தேன். சூடும் ஈரப்பதனும் சேர்ந்தால் கிண்டும்போது பட்ட கீறல்கள் தோல் மூடி ஆறிவிடும். அதற்கு வேண்டிய சூடு எங்கள் ஊரில் இலவசம். பிறகு பழைய மரப்பெட்டியில் காய்ந்த மணலும் சாம்பலும் இடையிட்டு அடுக்கினேன். ஆறு கிழமை வரை நன்றாக இருந்தது. குளிர்சாதனப்பெட்டியில் மாத்திரம் வைக்கக்கூடாது. அந்தக் குளிரில் கிழங்கின் நடு இறுகி, எவ்வளவு அவித்தாலும் வேகாது.

மே நடுப்பகுதியில் கிண்டிய முதற் பகுதியில் வண்டு இல்லை. இரண்டாவதில் இரண்டு கிழங்கு. கச்சான் வீசத் தொடங்கிய பின்னர், ஜூன் கடைசியில் கிண்டிய மூன்றாவது பகுதியில் 11 கிலோவில் ஒன்றரைக் கிலோ போனது. அதற்குப் பிறகு மூன்றாவது பகுதியை நான் நடுவதில்லை; அந்த இடத்தில் பயற்றை போடுகிறேன். பெரியம்மா இப்போது கொடி அறுக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கயிற்றோடு வந்து நிற்கிறார்.